கொழும்பில் பெண்களின் வியாபாரம்: கையெழுத்து யாருடையது?

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியது:

"வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒருமுறை நடந்து பாருங்கள். தையற்கடை, அழகு நிலையம், சாப்பாட்டுக் கடை என்று பாதிப் பெயர்ப்பலகைகளில் பெண் பெயர். கொழும்பில் பெண்கள் வியாபாரத்தில் எப்போதோ முன்னுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் ஏன் பெண் தொழில்முனைவோருக்கு உதவி, பயிற்சி என்று ஹோட்டல்களில் கூட்டம் போடுகிறார்கள்?"

நானும் கொழும்பில் ஒரு சிறு வியாபாரம் நடத்தும் பெண். அவருக்கும், அதன் பிறகு எழுதிய மற்ற வாசகர்களுக்கும், நாள் வாரியாக என் பதில்கள்:

2024 பெப்ரவரி 4

சொன்னபடி நடந்து பார்த்தேன். சவோய் திரையரங்கடியில் தொடங்கி தெகிவளைப் பாலம் வரை. பெண் பெயர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. கொப்பியில் எழுதிப் பார்த்தபோது அவற்றில் நல்ல பங்கு அம்மன்களுடையது. மிகுதியில் ஒரு துணிக்கடைக்குள் போய், பலகையில் இருப்பவர் யார் என்று கேட்டேன். காசு மேசையில் இருந்த பிள்ளை சிரித்தது: "முதலாளியின் கடைசி மகள், அன்ரி. இந்த வருடம்தான் முன்பள்ளிக்குப் போகிறாள்."

அம்மனும் காசோலையில் கையெழுத்து வைப்பதில்லை, முன்பள்ளிப் பிள்ளையும் வைப்பதில்லை. என் அளவுகோல் இதுதான்: காசோலையில் கையெழுத்து வைப்பவர் எவரோ அவருடைய கடை. மற்றதெல்லாம் பெயின்ற்.

அதே நாள், இரவு

எழுதிவிட்டுப் படுத்த பிறகுதான் நினைவு வந்தது. கொட்டாஞ்சேனையில் நான் பூட்டும் பிணைச்சலும் வாங்கும் இரும்புக்கடைப் பலகையில் 'அன் சன்ஸ்' என்று இருக்கிறது. அந்த இரண்டு சன்ஸும் ரொறன்ரோவில். கணவர் இறந்து நெடுங்காலம். கடையை நடத்துவது அந்த அம்மா. ஆணியைக் கையில் எடுத்துத் தடவியே என்ன நீளம் என்று சொல்லிவிடுவார். பலகையை மாற்றவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "மாற்றினால் கடன் தந்தவன் எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்பான், பிள்ளை" என்றார்.

ஆகவே பலகையை நம்பி எந்தப் பக்கமும் எண்ண முடியாது. காலையில் எழுதியதில் பாதியை அடித்துவிடுங்கள்.

பெப்ரவரி 7

பலகையை விடுங்கள், அரசாங்கக் கணக்கைப் பாருங்கள் என்கிறார் ஒருவர். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2013/14 இல் பொருளாதாரத் தொகைமதிப்பு ஒன்றை எடுத்தது. விவசாயம் தவிர்ந்த தொழில் நிலையங்கள் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பெண்களுடையது. அந்த நான்கில் ஒன்றும் பெரும்பாலும் ஓரிருவர் வேலை செய்யும் இடங்கள். நிறுவனம் பெருக்கப் பெருக்கப் பெண்ணின் பங்கு தேய்கிறது.

அந்தக் கணக்கெடுப்புக்கு எங்கள் கதவையும் தட்டினார்கள். அன்று என்ன பதில் சொன்னோம் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

பெப்ரவரி 12

நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு: மிளகாய்த்தூள். யாழ்ப்பாண முறையில் வறுத்து இடித்தது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் பயத்தம் பணியாரமும் முறுக்கும் சேரும்.

அதற்குச் செத்தல் மிளகாய் வாங்கப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போக வேண்டும். போனவர்களுக்குத் தெரியும்: மூட்டை தூக்கும் நாட்டாமிகள் சுமையோடு வருவார்கள், வழி விடச் சொல்லிச் சிங்களத்தில் "பார, பார" என்று கத்துவார்கள், நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 2011 இல் முதன்முதலாகப் போனபோது கடைக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு, மேலே இருந்த நல்ல மிளகாயைக் காட்டினார். நான் அடியிலிருந்து ஒன்றை இழுத்து, காதருகே வைத்து ஆட்டினேன். விதை கலகலவென்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஈரத்துக்கும் சேர்த்து நிறுத்துக் காசு வாங்குகிறார்கள் என்று பொருள். அவருடைய முகம் மாறியது. "தங்கச்சிக்குத் தொழில் தெரியும்" என்றார்.

தெரிந்து என்ன பயன். அந்தத் தெருவில் சரக்கு கடனுக்குத்தான் ஓடுகிறது: இன்று எடுத்து, நாற்பத்தைந்து நாள் தள்ளித் திகதியிட்ட காசோலை கொடுப்பது. நான் கடன் கேட்டதும் அவர் சொன்ன பதில்: "ஐயாவை ஒருமுறை வரச்சொல்லுங்கள்." நான்கு வருடம் கைக்காசு கொடுத்தே வாங்கினேன். ஒரு கிழமை எனக்குக் காய்ச்சல். அண்ணன் மகனை அனுப்பினேன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, மல்லிக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் கேட்பவன். (இரண்டும் ஒன்றுதான்.) அவன் இரண்டு மூட்டை கடனுக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

பெப்ரவரி 13

இல்லை, கடைக்காரரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றும் அவரிடம்தான் வாங்குகிறேன். இப்போது கடன் தருகிறார், பேத்தியின் பிறந்தநாளுக்கும் அழைக்கிறார்.

பெப்ரவரி 18

சாதித்த பெண்களின் பட்டியல் வந்திருக்கிறது. பார்பரா சன்சோனி 1964 இல் தொடங்கிய பெயார்ஃபுட் கைத்தறி நிறுவனம், ஒட்டாரா குணவர்தனவின் ஓடெல் உடுப்புக் கடை. இரண்டுமே கொழும்புக்குப் பெருமை, சண்டைக்கு வரவில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகளைக் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கி, 2010 இல் பங்குச் சந்தை வரை ஓடெலைக் கொண்டுபோனது சின்ன வேலையல்ல. 2014 இல் அது இன்னொரு பெரிய குழுமத்தின் கைக்குப் போனது வேறு கதை.

ஆனால் "காரின் பின்பெட்டியில் தொடங்கினார், நீங்களும் தொடங்கலாம்" என்று எழுதியிருப்பவருக்கு ஒரு சிறு கணக்கு: பின்பெட்டி வேண்டுமானால் முன்னால் ஒரு கார் வேண்டும்.

பெப்ரவரி 25

வீட்டிலிருந்தே தொழில் செய்வது பெண்களுக்குச் சுகம் என்று எழுதியவர் தொடர்மாடியில் மிளகாய் வறுத்ததில்லை.

நாங்கள் மூன்றாம் மாடி. செத்தல் மிளகாயைச் சட்டியில் போட்டு நிறம் மாறும் கணத்தில் ஒரு காறல் கிளம்பும். யன்னலைத் திறந்தால் கடற்காற்று அதை அப்படியே உள்ளே தள்ளி, கதவிடுக்கால் நடைபாதைக்கு அனுப்பும். முதலில் எதிர்வீட்டுப் பிள்ளை இருமும். அடுத்து நான்காம் மாடி ஓய்வுபெற்ற அதிபர் தும்முவார். அவர் தும்மினால் இரண்டாம் மாடி வரை கேட்கும். மல்லி வறுக்கும்போது ஒருவரும் முறையிடவில்லை, கறிவேப்பிலை வறுக்கும்போது "அன்ரி, இன்றைக்கு என்ன சமையல்" என்று வந்து நின்றார்கள். மிளகாய்க்கு மட்டும் நிர்வாகக் குழுவின் கடிதம் வந்தது. குழுவின் செயலாளர் என்னிடம் மாதம் அரைக் கிலோ தூள் வாங்குபவர்.

பிறகு தெகிவளையில் ஒரு வீட்டின் கார்க் கொட்டகையை வாடகைக்கு எடுத்தேன். ஒரு வருட வாடகை முற்பணம். இலாபம் அங்கே போனது.

மார்ச் 3

தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன்.

என் வியாபாரம் என் பெயரில் இல்லை. பதிவுப் பத்திரத்தில் உரிமையாளர் என் கணவர். அவர் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். பெருஞ்சீரகத்தையும் நற்சீரகத்தையும் முன்னால் வைத்தால் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. சுகாதாரப் பரிசோதகர் ஒருமுறை கொட்டகைக்கு வந்து, உரிமையாளர் என்று இவரிடமே கேள்வி கேட்டார். எத்தனை நிமிடம் வறுப்பீர்கள்? இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஏன் அப்படிப் பதிந்தோம்? 2008 இல் பதிந்தது. என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. அந்த நாட்களில் கொழும்பில் இருந்த தமிழர் பொலிஸில் பதிந்து, அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் சந்திக் கடைக்குப் போனோம். 2007 ஜூன் மாதம் விடுதிகளில் இருந்தவர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது மனதில் அப்படியே இருந்தது. யாழ்ப்பாண முகவரியோடு ஒரு அலுவலக வரிசையில் நின்று, "இங்கே ஏன் இருக்கிறீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் துணிவு இருக்கவில்லை. இவருக்குக் கொழும்பு முகவரி. திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போனார், பதிந்தார், வந்தார்.

பதிவு இவர் பெயரில் என்பதால் வங்கிக் கணக்கும் இவர் பெயரில். காசோலைப் புத்தகமும்.

முதல் நாள் நான் போட்ட அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அதன்படி என் கடை என்னுடையதல்ல. கணக்கெடுக்க வந்தவரிடமும் அதைத்தான் சொன்னோம். இவர் பெயரை எழுதிக்கொண்டு போனார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அவருக்குத் தேநீர் கொடுத்ததும் நான்தான்.

மார்ச் 4

நான்காம் குறுக்குத் தெருக்காரருக்கு ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன். காசோலை இவர் பெயரில் இருக்கும்போது "ஐயாவை வரச்சொல்லுங்கள்" என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன், இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு.

மார்ச் 4, சற்றுப் பின்

பாதி மன்னிப்பு. அண்ணன் மகனிடம் காசோலைப் புத்தகமே இருக்கவில்லை.

மார்ச் 11

வங்கிகளைப் பற்றிக் கேட்டீர்கள். 2017 இல் பெரிய அரைவை இயந்திரம் ஒன்றுக்குக் கடன் தேவைப்பட்டது. ஈடாக வைக்க இருந்தது எங்கள் வீடு. அது என் பெயரில் உள்ளது, சீதனமாக அப்பா வாங்கித் தந்தது. வங்கிக்காகச் சட்டப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டு உறுதிப் பத்திரத்தைப் படித்துவிட்டு, கணவரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்றார். எனக்கு ஏறிவிட்டது. என் அப்பாவின் காசு, என் பெயர், என் உழைப்பு, இதில் இவர் எங்கே வந்தார்?

இதில் வேடிக்கை: கடன் பெறுபவர் இவர்தான், ஏனென்றால் வியாபாரம் இவர் பெயரில். இவருடைய கடனுக்கு நான் என் வீட்டை ஈடு வைக்கிறேன், அதற்கு நான் இவரிடம் அனுமதி வாங்க வேண்டும். நொத்தாரிசு இதைச் சொல்லும்போது சிரிக்கவேயில்லை.

அதே கிழமை கொட்டாஞ்சேனையில் கேக் அடிக்கும் என் சிநேகிதி, அவர் மலையகத்தில், ஹட்டனில் பிறந்தவர், அதே வங்கியில் தன் வீட்டைத் தன் ஒரே கையெழுத்தில் ஈடு வைத்தார். அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? இந்த வங்கிகள் ஆளைப் பார்த்து விதி செய்கின்றன.

மார்ச் 13

சட்டத்தரணி ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். வங்கி செய்த விதி அல்லவாம். நான் யாழ்ப்பாணத்தவள், எனவே எனக்குத் தேசவழமை, அதாவது வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டம். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுத்தது. அதன் மேல் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே. அசையும் சொத்தை அவள் தன் விருப்பப்படி விற்கலாம், ஈடு வைக்கலாம். அசையாச் சொத்துக்குக் கணவரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். மரண சாசனம் எழுத அதுவும் வேண்டாம்.

அதாவது செத்த பிறகு என் வீட்டை நான் யாருக்கும் கொடுக்கலாம்.

மணமான பெண்களுக்குத் தங்கள் சொத்தின்மேல் முழு அதிகாரம் கொடுத்த 1923 ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற இலங்கைப் பெண்கள் பலருக்குப் பொருந்தும். தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரை அது விலக்கி வைத்திருக்கிறது. ஹட்டன் சிநேகிதிக்கும் எனக்கும் நடுவில் இருந்த வேறுபாடு இதுதான். மட்டக்களப்புப் பெண்ணுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே "கொழும்புத் தமிழ்ப் பெண் வியாபாரி" என்று ஒரு சொல்லால் எழுதிக்கொண்டிருந்தேனே, அதற்குள்ளேயே இரண்டு மூன்று சட்டங்கள் இருக்கின்றன.

வங்கியைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். 1911 ஐத் திட்டலாம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 14

கணவர் மறுத்தால்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாமாம். இவர் மறுக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு, தேநீருக்குச் சீனி காணாது என்றார்.

மார்ச் 20

சட்டத்தரணி சொன்ன "அசையும் சொத்து" இத்தனை நாளாக மண்டைக்குள் சுற்றியது. எங்கள் அம்மாமார் காணியை விட்டுவிட்டு நகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததை அழகு ஆசை என்று நாங்கள் கேலி செய்தோம். காப்பை அடகு வைக்க எவருடைய ஒப்புதலும் தேவையில்லை. என் முதல் சிறிய அரைவை இயந்திரம் ஆறு காப்பு. அடகு பிடித்தவர் காப்பை உரசிப் பார்த்தார், நிறுத்தார், என் அடையாள அட்டையைப் பார்த்தார், காசைத் தந்தார். கணவரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கொழும்பில் என்னை முழு ஆளாக நடத்திய முதல் நிறுவனம் ஓர் அடகுக் கடை.

வட்டியைப் பற்றி இப்போது கதைக்க வேண்டாம்.

ஏப்ரல் 2

2022 பொருளாதார நெருக்கடியில் மூடிய வியாபாரங்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். சரி.

அதற்கு முன் 2020 ஐச் சொல்ல வேண்டும். மார்ச் 20 கொரோனா ஊரடங்கு வந்தது. கடைகள் பூட்டு. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஒரு மாதத்துக்குள் ஆறேழு பெண்கள் இடியப்பம், பிட்டு, சோற்றுப் பார்சல் என்று வட்ஸ்அப்பில் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த ஆசிரியை இடியப்பத்தோடு சொதியையும் போத்தலில் அடைத்து விற்றார். அந்த வருடம் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை. கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது. என் தூளின் நிறமே வெளிறியது. ஆனாலும் விற்பனை இருந்தது.

2022 இல் அதே பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய், அதுவும் கிடைத்தால். வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினோம். தொடர்மாடியில் விறகு எரிக்க முடியாது. இடியப்பம் அவிக்க நெருப்பு வேண்டும். சொதி ஆசிரியை மண்ணெண்ணெய் அடுப்பில் கொஞ்ச நாள் பார்த்தார். இடியப்பத்தில் எண்ணெய் வாசம் என்று ஒரு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். அன்றோடு விட்டுவிட்டார்.

எனக்கு அரைவை இயந்திரத்துக்கு மின்சாரம். மின்வெட்டு அட்டவணையைக் கதவில் ஒட்டி, அது விட்ட நேரத்தில் அரைத்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு அரைத்த நாட்கள் உண்டு. கடன் வட்டி வேறு. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருட இறுதியில் வங்கியிலிருந்து வந்த கடிதத்தை இவர் இரண்டு நாள் எனக்குக் காட்டவில்லை.

அந்த ஆறேழு பேரில் ஒருவரும் எங்கும் பதியவில்லை. தொடங்கியதும் கணக்கில் இல்லை, மூடியதும் இல்லை. "பெண் வியாபாரங்கள் கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா" என்ற கேள்விக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து என்னிடம் உள்ள பதில் அந்தச் சொதிப் போத்தல்கள்தான். இன்னும் எங்கள் வீட்டு மேல்தட்டில் நாலைந்து இருக்கின்றன. திருப்பிக் கேட்கவில்லை அவர்.

ஏப்ரல் 9

சீட்டைப் பற்றி எழுதவில்லையே என்று கோபம். எழுதுகிறேன், சுருக்கமாக.

இருபது பேர், மாதம் பத்தாயிரம், இருபது மாதம். சீட்டை நடத்தும் தாச்சி ஒரு பாட்டு ஆசிரியை. எனக்கு வங்கி வட்டி கட்டக் காசு முட்டியபோது இரண்டாம் மாதமே கேட்டேன். முன்னதாக எடுப்பதற்காக இரண்டு இலட்சத்தில் இருபத்தெட்டாயிரம் கழிவு விட்டு, ஒரு இலட்சத்து எழுபத்திரண்டாயிரம் கையில். பிணைக்குக் கையெழுத்து கேட்டார்களா? இல்லை. என் முகம் போதும். முகம் கெட்டால் வெள்ளவத்தையில் சந்தைக்குப் போக முடியாது.

எல்லாச் சீட்டும் இப்படி முடிவதில்லை, அதுவும் தெரியும். தாச்சி லண்டனுக்குப் பறந்த கதைகள் என்னிடமும் மூன்று உண்டு.

மே 19

பதிவை மாற்றினேன்.

இத்தனை நாள் இங்கே எழுதியதில் எனக்கே வெட்கம் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரியை எப்போதோ மாற்றியாகிவிட்டது, அதன் பிறகு வேறு சாட்டு எதுவும் இருக்கவில்லை, சோம்பலைத் தவிர. கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்துக்கு மூன்று நடை. மேசையில் இருந்த பெண் பழைய பத்திரத்தைப் பார்த்துவிட்டு, கணவர் காலமாகிவிட்டாரா என்று மெல்லக் கேட்டார். இல்லை, வெளியே வாங்கில் இருந்து பேப்பர் பார்க்கிறார் என்றேன்.

ஜூன் 8

வங்கியில் புதுக் கணக்கு. காசோலைப் புத்தகத்தோடு நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் என் பெயரை இரண்டு தடவை வாசித்தார். "ஐயாவுக்குச் சுகம்தானே?" என்றார். எல்லோருக்கும் ஒரே சந்தேகம்.

ஜூன் 16

பொதியில் இன்னும் கணவர் பெயர்தானே இருக்கிறது என்று படம் எடுத்துப் போட்டவருக்கு: தெரியும். பழைய லேபிள் இரண்டு கட்டு மிச்சம், அவ்வளவையும் எறிய மனம் வரவில்லை. என் பெயர் போட்டுச் சிறு ஸ்டிக்கர் அடித்திருக்கிறேன். இப்போது இவர் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்தபடி, தன் பெயரின் மேல் என் பெயரை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறார். கோணலாக ஒட்டுகிறார். சொன்னால் கோபம் வருகிறது.